வெளிச்சம் எங்கே விழுகிறது? இரவு நடையும் கையில் ஒரு டார்ச்சும்

எதிரே ஒருவர் வருகிறார். நெற்றியில் விளக்குக் கட்டியிருக்கிறார். நாலைந்து அடி தள்ளி நம்மைக் கவனித்துவிட்டு, யாரென்று பார்க்கத் தலையைத் தூக்குகிறார். அவருக்கு நம் முகம் தெரிகிறது. நமக்கு அவரும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை, அடுத்த அடி எங்கே வைக்கப்போகிறோம் என்பதும் தெரியவில்லை.

எனக்கு ஒருமுறை இப்படி நடந்தது. அவர் வழி கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே ஓரமாக ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் ஓரம் இல்லை, முழங்காலளவு பள்ளம்தான் இருந்தது. அவர் பதறிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கும்போதும் அந்த விளக்கு என் முகத்தில்தான் இருந்தது. நல்ல மனிதர்தான். பார்க்கிற பக்கமெல்லாம் வெளிச்சம் போகிற ஒரு பொருளைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

டார்ச்சைப் பற்றிப் பேசும்போது எத்தனை லூமன் (வெளிவரும் ஒளியின் அளவு), எத்தனை மணி நேரம் எரியும் என்றுதான் பேசுகிறோம். வாங்கும்வரை அது போதும். கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது? பக்கத்தில் வருபவரின் பத்திரமும், சாலையில் போகும் ஓட்டுநரின் பார்வையும், சட்டத்தின் அக்கறையும் எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. டார்ச் வைத்திருப்பதைப் பெரும்பாலான நாடுகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அது யார்மேல், எதன்மேல் விழுகிறது என்பதில்தான் சட்டம் தலையிடுகிறது.

சாது விளக்கு எப்படி இப்படி ஆனது

கையில் பிடிக்கும் மின்விளக்குக்கு அமெரிக்காவில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்றது 1899இல். காகிதக் குழாய்க்குள் உலர் மின்கலங்கள், முனையில் ஒரு பல்பு, பின்னால் ஒரு பித்தளைப் பிரதிபலிப்பான், அவ்வளவுதான் அது. அந்தக் காலத்து மின்கலத்துக்கும் பல்புக்கும் தொடர்ந்து எரியும் சக்தி கிடையாது. ஒரு நொடி அழுத்தி, பார்த்துவிட்டு, விட்டுவிட வேண்டும். 'ஃபிளாஷ் லைட்' என்ற பெயரே அப்படி மினுக்கி மினுக்கிப் பார்த்ததில் வந்ததுதான். நியூயார்க் காவலர்கள் சிலருக்குச் சில விளக்குகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னதுதான் அதற்கான முதல் விளம்பரம்.

அப்புறம் பல பத்தாண்டுகள் டார்ச் என்றால் இரண்டு தடித்த பேட்டரி, ஒரு மஞ்சள் வெளிச்சம். பதினைந்து, இருபது லூமன் இருந்தால் அதிகம். முகத்தில் அடித்தால் கொஞ்சம் கூசும், ஆனால் ஆள் தடுமாறி விழமாட்டார். நம் பழக்கவழக்கங்களெல்லாம் அந்தக் காலத்தில் உருவானவை. யாரென்று பார்க்க முகத்தில் அடிப்பது, சத்தம் வந்த பக்கம் சட்டென்று திருப்புவது, குழந்தைகள் கையில் விளையாடக் கொடுப்பது எல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குப் பொருந்தின.

பிறகு எல்.இ.டி வந்தது. வெள்ளை எல்.இ.டிக்கு வழிவிட்ட நீல எல்.இ.டியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதோடு லித்தியம் மின்கலமும் சேர்ந்துகொண்டதும், உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கு ஆயிரம் லூமனைச் சர்வசாதாரணமாகத் தருகிறது. பழையதைவிட ஐம்பது, அறுபது மடங்கு. விளக்கு மாறிவிட்டது, கை மட்டும் பழைய கைதான். இரவு நடையில் வருகிற தகராறில் பாதிக்கு இதுவே காரணம் என்பேன்.

லூமனை மட்டும் பார்த்தால் போதாது

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அது எவ்வளவு தூரம் பாயும், எதிரே வருபவர் கண்ணை என்ன செய்யும் என்பதை லூமன் சொல்லாது. அதற்கு இன்னொரு எண் இருக்கிறது, கேண்டலா. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு அது. ஒரே வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டலாம், குழாயில் அடைத்துப் பீய்ச்சவும் செய்யலாம். தண்ணீர் அதேதான், மேலே பட்டால் தெரியும் வித்தியாசம்.

டார்ச் அட்டைப்பெட்டியில் '200 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற தரமுறைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம்தான் அந்த எண்; லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு. 0.25 லக்ஸ் என்பது தெளிந்த வானத்தில் முழுநிலவு தரும் வெளிச்சம், ஏறத்தாழ. இருநூறு மீட்டர் பாயும் டார்ச்சின் செறிவு 10,000 கேண்டலா என்று இதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதே டார்ச்சை நான்கு மீட்டர் தள்ளி நிற்பவர் முகத்தில் அடித்தால் 625 லக்ஸ் விழும். படிக்கவும் எழுதவும் அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கும் வெளிச்சமே 500 லக்ஸ்தான். அதுவும் மேசைமேல் விழுவதற்கு. இங்கே விழுவது இருட்டுக்குப் பழகி அகல விரிந்திருக்கும் கண்பாவைக்குள்.

நடப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்றால், சமதளப் பாதையில் இருபது, முப்பது லூமன் தாராளம். கல்லும் வேருமாக இருக்கும் பாதையில் நூறு. கைபேசியின் விளக்கு சுமார் ஐம்பது லூமன்தான், ஏழெட்டு மீட்டருக்கு மேல் பயன்படாது, ஆனாலும் மெதுவாக நடக்கிறவருக்கு அது போதும். ஆயிரம் லூமன் பொத்தானை அழுத்தத் தேவைப்படுகிற நேரம் ஓர் இரவில் மொத்தமாகச் சேர்த்தால் ஒரு நிமிடம் வருமா என்பதே சந்தேகம். அந்த 'டர்போ' வெளிச்சத்தை விளக்கே நெடுநேரம் தாங்காது. சில நிமிடங்களில் சூடேறி, தானாகவே குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம்தான் அது.

நம் கண்ணையே நாம் கெடுத்துக்கொள்வது

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், இருட்டுக்குக் கோல் செல்கள். கோல் செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி பலத்த வெளிச்சம் பட்டதும் சிதைந்துவிடும். மறுபடி அது முழுதாகச் சேர இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். கண்பாவை விரிவது சில நொடி வேலை, ரோடாப்சின் ஊறுவதுதான் நேரமெடுக்கிற காரியம். வயதானவர்களுக்கு இது இன்னும் மெதுவாக நடக்கும். கண்வில்லை மங்கத் தொடங்கியிருந்தால் உள்ளே வரும் ஒளி சிதறி, கூச்சமும் கூடும். முகத்தில் டார்ச் அடிப்பது எல்லோருக்கும் எரிச்சல்தான், அறுபதைத் தாண்டியவருக்கு அது விழுந்து அடிபடுகிற ஆபத்தும்கூட.

இதில் பலரும் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. நாம் கொண்டுபோகிற வெளிச்சமே நம் கண்ணையும் இப்படித்தான் செய்கிறது. காலடியில் பளீரென்று ஒரு வெள்ளை வட்டம் இருக்கும்போது, வட்டத்துக்கு வெளியே உலகமே இருக்காது. பாதையோரம் நிற்கும் ஆள், இடதுபக்கம் பிரிகிற வழி, தூரத்து மரங்களின் கோடு எல்லாம் மறைந்துபோகும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட வட்டத்துக்கு வெளியே இருட்டும் கூடும். நிலா இருக்கும் இரவில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பாதை தானாகவே சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். மங்கலாக எதையாவது பார்க்க வேண்டுமானால் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும். பார்வையின் நடுமையத்தில் கோல் செல்களே கிடையாது, அதனால் உற்றுப் பார்க்கிற பொருள்தான் முதலில் மறையும்.

சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையைக் காப்பாற்றும் என்பார்கள். உண்மைதான், ரோடாப்சின் சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. வானியல் ஆர்வலர்கள் கூடுமிடத்தில் வெள்ளை டார்ச்சை எடுத்தால் விழும் வசவு இதனால்தான். ஆனால் பளீரென்ற சிவப்பைவிட மிக மங்கலான வெள்ளையே மேல். சிவப்பில் நிற வேறுபாடு தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வரைபடத்தில் சிவப்பாகப் போட்ட பாதைக்கோடு சிவப்பு வெளிச்சத்தில் காகிதத்தோடு கலந்து காணாமல் போய்விடும். ஒருமுறை அப்படி ஒரு கோட்டைத் தேடி வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

கையை இறக்குங்கள்

டார்ச்சை எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பதற்கு, அது எவ்வளவு விலையுயர்ந்தது என்பதைவிட மதிப்பு அதிகம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது.

கரடுமுரடான ஒரு தரையில் நின்று, விளக்கை முதலில் நெற்றிக்கு நேராகப் பிடியுங்கள். தரை முழுக்க வெளிச்சம், ஆனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். கண்ணும் விளக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே விழுந்து ஒளிந்துகொள்கிறது. பள்ளத்தின் விளிம்பும் மேட்டின் விளிம்பும் ஒன்றுபோலவே இருக்கும். இப்போது கையை மெல்ல இடுப்புக்கு இறக்குங்கள், அப்புறம் முழங்காலுக்கு. ஒவ்வொரு கல்லுக்கும் வால்போல ஒரு நிழல் முளைக்கும். அரை அங்குலம் தூக்கி நிற்கும் வேர்கூடத் தன் நிழலால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பள்ளம் கறுப்பாகத் திறக்கும். வெளிச்சம் குறைவுதான், தகவல் அதிகம்.

மூடுபனியிலும் இதே கதை. நெற்றி விளக்கின் ஒளி கண்ணுக்கு முன்னாலேயே நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வரும், வெள்ளைச் சுவருக்குள் நடப்பதுபோல இருக்கும். விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் சுவர் பாதி கரையும்.

கை தாழ்ந்திருப்பதில் இன்னொரு லாபம், எதிரே வருபவர் கண்ணில் அது படாது. வாகன ஹெட்லைட்டை டிம் செய்யும்போது ஒளிக்கற்றையின் மேல்பகுதி ஒரு கோட்டோடு வெட்டப்பட்டிருக்கும், எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு ஏறக்கூடாது என்பதற்காக. ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்குக்குக்கூட அப்படி ஓர் ஒழுங்கு உண்டு. டார்ச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது, வட்டமாக எல்லாப் பக்கமும் சிந்தும். அந்த வெட்டுக்கோட்டின் வேலையை நம் மணிக்கட்டுதான் செய்ய வேண்டும். ஒளிவட்டத்தின் நடுப்பகுதி நமக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னால் தரையில் விழுந்தால் சரி. எதிரே ஆள் வந்தால் இன்னும் இறக்கி நம் காலடிக்கே கொண்டுவந்துவிடலாம்.

நெற்றி விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அதைவிட உதவியான பொருள் இல்லை. ஆனால் ஆட்களோடு நடக்கும்போது அதைக் கீழே சாய்த்துவைக்க வேண்டும், பேசும்போது ஒரு கையால் மூடிக்கொள்ள வேண்டும். கூட்டமாகப் போகிற இடத்தில் அதைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அவர்கள்தான் விவரமானவர்கள்.

சாலையில்: பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

நடைமேடை இல்லாத சாலையில் வாகனங்கள் எதிரே வரும் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி அல்லது அறிவுரை. வருவதை நாம் பார்க்க முடியும், தேவைப்பட்டால் ஒதுங்க முடியும். இதன் மறுபக்கம், நம் டார்ச்சும் வருகிற ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே இருக்கிறது என்பது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்கூசி இரண்டு நொடி தடுமாறினால், 44 மீட்டர் தூரத்தைக் குருட்டுத்தனமாகக் கடந்திருப்பார். அந்த 44 மீட்டரின் முடிவில் நிற்பது யார்? டார்ச் அடித்தவர்தான். நம்மைப் பார்க்கட்டும் என்று ஆட்டி ஆட்டி முகத்துக்கு நேரே காட்டுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வினை. ஓட்டுநருக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே. அது சைக்கிளா, தூரத்து வாகனமா, கம்பத்து விளக்கா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நகர்கிறதா என்பதெல்லாம் புரியாது.

செய்ய வேண்டியது நேரெதிர். வாகனம் வரும்போது டார்ச்சை நம் கால்கள்மேலேயே திருப்பிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் இரண்டு கால்கள் மாறி மாறி அசைவதைப் பார்த்தவுடன் மனித மூளை 'ஆள் நடக்கிறார்' என்று கண்டுபிடித்துவிடும். நடையின் அசைவை அடையாளம் காண்பதில் நம் கண் அவ்வளவு கெட்டி. ஒளிர்பட்டையை மார்பில் மட்டும் போடுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கட்டினால் ஓட்டுநர்கள் இன்னும் முன்னதாகவே ஆளை அடையாளம் காண்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். நடப்பவர்கள் தாங்கள் தெரியும் தூரத்தைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வுகளில் வந்ததுதான். ஹெட்லைட் நமக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, அப்படியானால் ஓட்டுநருக்கும் நாம் தெரிவோம் என்று நினைத்துவிடுகிறோம். கறுப்புச் சட்டை போட்ட நாம் அவருக்கு வெறும் சாலைதான்.

இந்த விஷயத்தைச் சில நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. எஸ்டோனியாவில் இருட்டில் சாலையில் நடப்பவர் ரிஃப்ளெக்டரோ விளக்கோ வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் உண்டு. ஃபின்லாந்தின் சட்டமும் ரிஃப்ளெக்டர் அணியச் சொல்கிறது. பிரிட்டனின் சாலை நடத்தை வழிகாட்டி நூலான ஹைவே கோடு, கூட்டமாக நடந்து போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறது. இரவில் முன்னால் போகிறவர் வெள்ளை விளக்கும், கடைசியில் வருபவர் பிரகாசமான சிவப்பு விளக்கும் வைத்திருக்க வேண்டும். வாகனங்களுக்கு இருக்கும் அதே ஒழுங்கு, அதனால் தூரத்திலிருந்தே பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று புரிந்துவிடும். தனியாகப் போகிறவர்கூட முதுகுப்பையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டால் நல்லது. நீலத்தில் மட்டும் வேண்டாம். மினுக்கும் நீல விளக்கைப் பல நாடுகள் காவல், மருத்துவ வாகனங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கின்றன.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

மேலே பார்த்து டார்ச் அடிப்பது பாவமில்லாத விளையாட்டு என்று தோன்றும். விமானம் தாழப் பறக்கிற இடத்தில் அது குற்றம். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வான்போக்குவரத்து ஆணையின் 225ஆம் பிரிவு, பறக்கும் விமானத்தின் மேல் விமானியின் கண் கூசும்படியோ கவனம் சிதறும்படியோ 'எந்த விளக்கையும்' அடிக்கக்கூடாது என்கிறது. லேசர் என்று மட்டும் சொல்லவில்லை. லேசருக்கு இன்னும் கடுமை. அமெரிக்காவில் 2012 முதல் விமானத்தை நோக்கி லேசர் காட்டுவது ஐந்தாண்டு வரை சிறைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். பிரிட்டனில் 2018இல் வந்த சட்டம் சாலை வாகனம், ரயில், கப்பல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. டார்ச்சோடு சேர்த்து பச்சை லேசர் பொருத்தி விற்கும் இரட்டை விளக்குகள் இருக்கின்றன. அவற்றைக் குழந்தை கையில் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி யோசிக்கலாம்.

அடுத்தது வீடுகள். பொதுப் பாதையில் நடக்க நமக்கு உரிமை உண்டு என்பதால், பாதையிலிருந்து எட்டும் ஜன்னலுக்குள்ளும் வெளிச்சம் அனுப்ப உரிமை வந்துவிடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் டெக்ஸஸ் எதிர் பிரவுன் வழக்கில், நிறுத்தப்பட்ட காருக்குள் காவலர் டார்ச் அடித்துப் பார்ப்பது அரசமைப்பு பேசும் 'சோதனை' ஆகாது என்றது. இதை வைத்துக்கொண்டு 'டார்ச் அடிப்பதில் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்பவர்கள் இருக்கிறார்கள். அது காவலரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த தீர்ப்பு, நடந்து போகிறவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு இல்லை. இன்னொருவர் வீட்டுக்குள் திரும்பத் திரும்ப டார்ச் அடித்தால், நாட்டுக்கு நாடு பெயர் மாறலாம், தொல்லை கொடுத்தது, ஒளிந்து பார்த்தது, மிரட்டியது என்று ஏதோ ஒரு பிரிவு கையில் கிடைக்கும். சட்டம்வரை போக வேண்டியதே இல்லை. நடுராத்திரி படுக்கையறைச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் ஊர்ந்து போனால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் போதும்.

காவலர் நிறுத்தி விசாரித்தால் டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல் தரையில் காட்டுங்கள், கையைச் சட்டென்று பைக்குள் விடாதீர்கள். இருட்டில் அவருக்கும் பயம் உண்டு. இருட்டிய பிறகு மூடிவிடும் பூங்காக்களும் காடுகளும் நிறைய இருக்கின்றன. கையில் விளக்கு இருப்பதால் உள்ளே போகலாம் என்று ஆகாது.

'தற்காப்பு டார்ச்' என்று விற்கும் சமாச்சாரம் தனிக்கதை. கனமான உலோக உடல், பல் பல்லாக வெட்டிய முனை. வெறும் விளக்காக அதில் தப்பில்லை. ஆனால் பிரிட்டனின் 1953ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம், ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு பொது இடத்தில் கொண்டுபோகும் எந்தப் பொருளையும் ஆயுதம் என்கிறது. 'எதற்கு இது?' என்று கேட்டால் 'வழி பார்க்க' என்பவருக்கும் 'யாராவது வந்தால் அடிக்க' என்பவருக்கும் அங்கே பெரிய வித்தியாசம் உண்டு, பொருள் ஒன்றாகவே இருந்தாலும். டார்ச் வடிவத்தில் வரும் மின்னதிர்ச்சிக் கருவிகள் அங்கே முற்றிலும் தடை. வேறு பல நாடுகளிலும் கட்டுப்பாடு இருக்கிறது. இணையத்தில் பார்த்ததும் வாங்கிவிட வேண்டாம்.

நம்மைத் தவிர வேறு கண்களும் உண்டு

இருட்டில் டார்ச் அடித்ததும் புதருக்குள் இரண்டு கண்கள் மின்னினால் சிலிர்க்கத்தான் செய்யும். இரவாடி விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஓர் அடுக்கு இருக்கிறது. கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் திருப்பி அனுப்பி, இரண்டாவது தடவை பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட கண்ணுக்குள் ஆயிரம் லூமன் போனால் என்ன ஆகும்? சில விலங்குகள் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஆர்வமாகப் பார்க்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம், அதற்கு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

வேட்டைக்காரர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். அதனால்தான் வெறும் விளக்கைக்கூடச் சில இடங்களில் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிவரை காட்டு விலங்குகள்மேல் விளக்கு அடித்துத் தேடக்கூடாது. கையில் துப்பாக்கி இல்லை, சும்மா மான் பார்க்க வந்தேன் என்றாலும் விதி விதிதான். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதையே தடுக்கிறது.

கடற்கரை இரவு நடைக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆமைக்குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் இருப்பதிலேயே வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். ஒருவர் டார்ச்சோடு நின்றால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். முட்டையிடக் கரையேறும் தாய் ஆமையும் வெளிச்சம் கண்டால் இடாமலேயே திரும்பிப் போய்விடலாம். ஃபுளோரிடாவில் கடற்கரை விளக்குகளுக்கு 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம், அதாவது அம்பர், சிவப்பு நிறங்கள், பரிந்துரைக்கப்படுவது இதற்காகத்தான். ஆமை கண்ணில் பட்டால் அந்தச் சிவப்பையும் அணைத்துவிடுவதே முறை.

மின்மினிகளுக்கும் இதே சங்கடம். அவை ஒளியால் பேசிக்கொள்கின்றன, நடுவே நாம் டார்ச் அடித்தால் பேச்சு அறுந்துவிடும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு ஒரே தாளத்தில் மினுக்கும் மின்மினிகளைப் பார்க்க வருகிறவர்களிடம், டார்ச்சைச் சிவப்பு அல்லது நீலக் கண்ணாடிக் காகிதத்தால் மூடுங்கள், தரையில் மட்டும் அடியுங்கள், உட்கார இடம் கிடைத்ததும் அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

மினுக்கும் பொத்தான்

பல டார்ச்சுகளில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் படபடவென்று மினுக்கும். நடைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, தொல்லை மட்டும் உண்டு. நொடிக்கு மூன்றுக்கு மேல் மினுக்கும் வெளிச்சம் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. சாலையில் அடித்தால் தூரம் கணிக்க முடியாமல் ஓட்டுநர் குழம்புவார்.

ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தான் வேறு ரகம். மூன்று குறுகியது, மூன்று நீண்டது, மூன்று குறுகியது. மலையில் இதைவிட வழக்கமான இன்னொரு முறை உண்டு. நிமிடத்துக்கு ஆறு தடவை விளக்கு காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்பத் தொடங்குவது. பார்த்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று தடவை காட்டிப் பதில் சொல்வார்கள். விளையாட்டுக்குக் கடற்கரையிலோ மலைச்சரிவிலோ இதைச் செய்தால் யாரோ ஒரு மீட்புக் குழு தூக்கத்திலிருந்து எழுந்து வரும், பொய்யாக உதவி கேட்டது என்று வழக்கும் வரலாம்.

சக்திவாய்ந்த டார்ச்சைப் பையில் போடும்போது கவனம் வேண்டும். உள்ளேயே பொத்தான் அழுந்தி எரியத் தொடங்கினால் துணியைக் கருக்கும் அளவுக்குச் சூடேறும். பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்சாரம் அறுந்துவிடும், பொத்தானை அழுத்தினாலும் எரியாது. நடை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுகிற கையோடு அந்தக் கால் சுற்றையும் திருப்பிவிடுவது என் பழக்கம். மறுநாள் வெளியே கிளம்பும்போது எரியவில்லையே என்று ஒரு நொடி பதறுவதும் அதே பழக்கத்தின் பாதிதான்.